மவுஸுக்கு அடியில் ஒரு வாட்ச்

அக்காவின் வீட்டில் ஒழுங்காக வேலை செய்த பொருள் என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. கேட்டுக்குக் கீல் கிடையாது. பழைய துப்பட்டாவால் தூணோடு கட்டியிருக்கும். ஃபிரிட்ஜ் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு பிளாஸ்டிக் முக்காலி. மிக்ஸி ஜாரை ஒரு கையால் அழுத்திப் பிடித்தால்தான் சுற்றும். நெம்மேலியில், கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் குடியிருந்தால் இரும்பு என்று எதுவும் நிலைக்காது, உண்மைதான். ஆனால் மற்ற வீடுகளில் துருப்பிடித்ததை மாற்றுவார்கள். அக்கா மாற்ற மாட்டார், சமாளிப்பார்.

"இப்போதிக்கு ஓடுதில்ல? அப்ப வுடு தம்பி."

எதைக் கேட்டாலும் இதுதான் பதில். நான் அந்த வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அதாவது மற்றவர்கள் எழுதிய புரோகிராம் எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஆபீஸில் செய்வது போதாதென்று வீட்டுக்கு வந்தும் அதே புத்திதான். காரணம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மேலே நான், கீழே அக்கா. எப்படி ஒத்துப்போயிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார், அக்காவின் கணவர். நான் அண்ணன் என்பேன். சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கேப் ஓட்டியவர். ஈசிஆர் ரோட்டில் நடந்த விபத்தில் கழுத்து எலும்பில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போய்விட்டது. பேச்சு மட்டும் பழையபடி. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, "இனிமே வீட்டுல வச்சு நல்லா பாத்துக்கங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஹாலில் கட்டில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரை ஒருக்களித்துத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அக்காவின் செல்போனில் அதற்கு அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும்.

நான் குடிவந்த புதிதில், கீழே வாடகை கொடுக்கப் போனபோது, அக்கா தரையில் உட்கார்ந்து அண்ணனின் காற்று மெத்தைக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற அதே பட்டை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கழுத்து நரம்பைப் பற்றி இன்டர்நெட்டில் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். இன்னொரு தடவை ஸ்கேன் எடுக்கலாம், வேறு டாக்டரிடம் காட்டலாம், சரியான காரணம் தெரியாமல் இப்படியே விடக்கூடாது என்று பேசிக்கொண்டே போனேன்.

அக்கா பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"காரணம் தெர்ஞ்சா இவுரு எய்ந்து நடப்பாரா தம்பி?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பதில் தெரிந்தால் சொல்லேன் என்கிற மாதிரிதான் கேட்டார். கட்டிலில் இருந்த அண்ணன், "வுடு, சின்னப் பையன்" என்று எனக்குப் பரிந்து பேசினார். நான் வாடகையை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

இனி ஹால் மேசையில் அக்கா வேலை பார்த்த லேப்டாப்புக்கு வருகிறேன். அது அக்காவுடையது அல்ல, கம்பெனியுடையது. அமெரிக்காவில் யாரோ ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பில்லை இங்கே உட்கார்ந்து சரிபார்க்கிற வேலை. படுத்து எழுந்தவர்களின் பில்லை, எழவே முடியாத கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கொரோனா முடிந்து எல்லோரையும் சிறுசேரி ஆபீஸுக்கு வரச் சொன்னபோது, அக்காவுக்கு மட்டும் அவருடைய டீம் லீடர் பெண் மேலிடத்தில் பேசி, வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கித் தந்திருந்தார். ஒரே நிபந்தனை, ஷிஃப்ட் நேரம் முழுக்க, ஆள் வேலையில் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளி கம்பெனித் திரையில் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் எரிய வேண்டும். மஞ்சளானால் ஏன் என்று கேள்வி வரும். அடிக்கடி மஞ்சளானால் சிறுசேரிக்கு வா, இல்லையென்றால் வேலையை விடு. சிறுசேரிக்குப் போனால் அண்ணனை யார் திருப்பிப் போடுவது? வேலையை விட்டால் அந்த வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

அந்த லேப்டாப்புக்குத்தான் வியாதி வந்தது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அது தூங்கிவிடும். அது கம்பெனி வைத்த விதி, நாம் மாற்ற முடியாது. தூங்கி எழுந்தால் ஒய்ஃபை இருக்காது. சிக்னல் குறைவு, பாஸ்வேர்டு தவறு என்பதெல்லாம் இல்லை. ஒய்ஃபை கார்டு என்று ஒன்று தன் வயிற்றுக்குள் இருப்பதையே லேப்டாப் மறந்துவிடும். முழுக்க அணைத்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருந்து, மறுபடி போட்டால்தான் நினைவு திரும்பும். அது விழித்து, கம்பெனி போட்ட பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து முடிப்பதற்குள் புள்ளி மஞ்சளைத் தாண்டிச் சிவப்பாகிவிடும்.

அண்ணனைத் திருப்பி, துடைத்து, மூத்திரப் பையை மாற்றிவிட்டு வருவதற்குள் லேப்டாப் தூங்கியிருக்கும். தினமும் இதே பேஜாருதான்.

"தம்பி, நீ ஐடிதான? இத்தக் கொஞ்சம் பாரேன்" என்று மாடிப்படிக்குக் கீழேயிருந்து அக்கா கூப்பிட்டபோது எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். காரணம் கண்டுபிடிக்க ஒரு கேஸ் கிடைத்துவிட்டதே. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தேன். பழுதைத் தானே கண்டுபிடிக்கும் என்று விண்டோஸில் ஒன்று இருக்கிறதே, அதை ஓடவிட்டேன். அது சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, பழுது எதுவும் இல்லை என்று நல்ல செய்தி சொன்னது. கடைசியில் இடத்தைப் பிடித்தேன். மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக லேப்டாப் தூங்கும்போது ஒய்ஃபை கார்டையும் அணைத்துவிடுகிறது. அணைத்ததை மறுபடி எழுப்ப அதற்குத் தெரியவில்லை. அப்படி அணைக்காதே என்று ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போதும். எடுக்கப் போனேன். நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்டது.

அதாவது காரணம் தெரிந்துவிட்டது, கை வைக்கத்தான் அதிகாரம் இல்லை. கேபிள் செருகலாம் என்றால் மெலிசான லேப்டாப், அதற்கு ஓட்டையே கிடையாது. வெளியே செருகுகிற ஒய்ஃபை துண்டு ஒன்றை வாங்கி வந்தேன். கம்பெனி அனுமதிக்காத பொருள் என்று திரையில் சிவப்பாக எழுதிக் காட்டியது. அந்த லேப்டாப் மறுக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே வெளியாள் மவுஸ்தான்.

பிறகு கம்பெனியின் ஹெல்ப்டெஸ்க்கில் புகார் கொடுத்தோம். ஒய்ஃபை வரவில்லை என்ற புகாரை இன்டர்நெட் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. ஒய்ஃபை இருக்கிற நேரம் பார்த்துக் கொடுத்தோம். ஒருவர் போன் செய்து, "ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்" என்றார். ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டது. வரத்தானே செய்யும்! "வந்துடுச்சா மேடம்? ஓகே மேடம்" என்று புகாரை முடித்துவிட்டார். பிரச்சினை தீர்க்கப்பட்டது என்று ஒரு மெயில் வந்தது. மறுநாள் மறுபடி புகார், மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி தீர்க்கப்பட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"தூங்கி எழுந்தா போகுதுன்னு அழுத்திச் சொல்லுங்கக்கா! இப்ப வருதா வரலையாங்கறது இல்ல விஷயம்!"

"அந்தப் பையனும் இன்னா பண்ணுவான் தம்பி, அவனுக்கு ஒரு நாளிக்கு எத்தினி போனோ. வுடு, தூங்கினாதான போவுது? தூங்க வுடாம பாத்துக்கலாம்."

சமாளிப்பு ஆரம்பித்துவிட்டது. முதலில் ஈரக் கையோடு ஓடி ஓடி வந்து முழங்கையால் மவுஸைத் தட்டிவிட்டுப் போனார். அண்ணனைப் பாதி திருப்பிய நிலையில் விட்டுவிட்டு ஓடி வருவதைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கும். அப்புறம் டேபிள் ஃபேன் கம்பியில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை மவுஸில் கட்டினார். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பும்போது மவுஸ் ஒரு சாண் நகர்ந்தது. அந்தப் பக்கம் திரும்பியபோது மேசையிலிருந்து குதித்துத் தொங்கியது. அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அவரைத் தூக்கி உட்கார வைக்க நானும் ஓட வேண்டியதாயிற்று.

இருமல் அடங்கியதும் அண்ணன்தான் சொன்னார். "அடியே, என் வாட்சு எங்க கீது?"

"எந்த வாட்சு?"

"கையில கட்டிகினு இருந்தனே, ஆஸ்பத்திரில கயட்டிக் குடுத்தாங்களே. அதும் மேல மவுஸ வை. நைட் ஷிஃப்டு பசங்க வண்டில பேசிகினு வருவானுங்க. வாட்சு மேல மவுஸ வெச்சிட்டு டீ குடிக்கப் போயிடுவானுங்களாம். முள்ளு ஓடுதில்ல, மவுஸு நாமதான் ஆட்டறோம்னு நெனச்சுக்குமாம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன். மவுஸின் வயிற்றில் எரிகிற விளக்கு கீழே ஏதாவது நகர்கிறதா என்றுதான் பார்க்கிறது. விநாடி முள் நகர்ந்தால் அதற்குக் கை நகர்ந்த மாதிரிதான். "ஆகலாம்" என்றேன்.

ஃபிரிட்ஜ் மேலிருந்த டப்பாவிலிருந்து வாட்ச் வந்தது. கண்ணாடியில் விபத்தின் கீறல். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் மவுஸை வைத்தோம். திரையில் அம்புக்குறி மெல்ல நடுங்கியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தூங்கவேண்டிய நேரம் தாண்டியும் லேப்டாப் தூங்கவில்லை. புள்ளி பச்சையாகவே இருந்தது.

"பாத்தியா!" என்றார் அண்ணன். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இருந்தது என்று அன்று எனக்கு முழுசாகப் புரியவில்லை. அடிபட்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்கு அவர் செய்த முதல் உதவி அது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் நன்றாகப் போயின. அலாரம் அடித்தால் அக்கா மவுஸைத் தூக்கி வாட்ச் மேல் வைப்பார், அவசரமில்லாமல் அண்ணனைத் திருப்புவார், தலை வாரிவிடுவார். திரும்பி வந்து வாட்சை எடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார். சோம்பலுக்காக ஒரு நாளும் அதை வைத்து நான் பார்த்ததில்லை. விட்ட நேரத்துக்கு ஈடாக ஷிஃப்ட் முடிந்த பிறகும் உட்கார்ந்திருப்பார். யாராவது வீட்டுக்கு வந்தால் அண்ணன் கட்டிலிலிருந்தே, "எங்க வூட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். அவோ ஆபீஸு, நான் வாட்சு" என்பார். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பழுதின் மேல் துணியைப் போட்டு மூடிவைத்திருக்கிறோம் என்று. சொன்னால், "ஓடுதில்ல தம்பி?" என்பார் அக்கா.

ஓடியதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு மத்தியானம் அண்ணனுக்கு ஜுரம் கொதித்து, குளிர் தூக்கிப் போட்டது. மூத்திரப் பையில் ரத்தம். அக்கா அப்போதுதான் மவுஸை வாட்ச் மேல் வைத்துவிட்டு அவரைத் திருப்ப வந்திருக்கிறார். நிலைமையைப் பார்த்ததும் போட்டது போட்டபடி ஆம்புலன்ஸுக்கு போன் செய்து, டீம் லீடருக்கும் போன் செய்து, அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் செங்கல்பட்டுக்கு வண்டி ஏறிவிட்டார். நான் ஆபீஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டு, ஜுரம் இறங்கி, பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வராந்தாவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். லேப்டாப் எங்கள் இருவர் நினைவிலும் இல்லை.

பூட்டிய வீட்டுக்குள் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. லீவு போட்ட அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் அன்று மாலை முழுக்கப் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

மறுநாளே கம்பெனியில் அதைப் பார்த்துவிட்டார்கள். லீவில் இருப்பவர் எப்படி வேலையில் இருக்க முடியும்? பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். அம்புக்குறி ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்த நேரங்கள் எல்லாம் வெளியே வந்தன. அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஒரு நாள் டீம் லீடரிடமிருந்து போன் வந்தபோது அக்கா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார், நான் என் அறை வாசலில் நின்றிருந்தேன். அக்கா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"ஒய்ஃபை போயிடுதுங்க மேடம்... கம்ப்ளெயிண்ட் குடுத்தேன் மேடம்... இல்லீங்க, ஏமாத்தணும்னு இல்லீங்க... என் வூட்டுக்காரரத் திருப்பிப் போடணும் மேடம்."

நான் கையை நீட்டி போனை வாங்கினேன். மாடி வீட்டுக்காரன், எல்லாவற்றையும் நேரில் பார்த்தவன் என்று சொல்லிக்கொண்டு, ஒய்ஃபை கார்டு, மின்சாரச் சிக்கனம், ஒரே ஒரு டிக் என்று அந்த டீம் லீடர் பெண்ணுக்கு வகுப்பே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா அவங்க கொடுத்த அத்தன கம்ப்ளெயிண்டும் தீர்க்கப்பட்டதுன்னு இருக்கு. லேப்டாப்ல பிராப்ளமே இல்லன்னுதான் சிஸ்டம் காட்டுது. நான் எத வச்சு மேல பேசுவேன்? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

அவர் குரல் உடைந்திருந்தது, பொய்யில்லை. காரணம் என் கையில் இருக்கிறது, நிரூபிக்கவும் முடியும், கேட்கத்தான் ஓர் ஆள் இல்லை. அன்றுபோல் நான் என்றைக்கும் கையாலாகாமல் நின்றதில்லை. அக்கா போனை வாங்கி, "சரி மேடம், நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம்" என்று சொல்லி வைத்துவிட்டு, மிச்சத் துணியை உதறி உலர்த்தினார்.

"அண்ணங்கிட்ட வாட்சுப் பேச்ச எடுக்காத தம்பி" என்றார். "அது ஒண்ணுதான் அவுரு கொஞ்ச நாளா சிரிச்சுகினு சொன்ன விஷயம்."

அக்காவின் வேலை போய்விட்டது. லேப்டாப்பை வாங்கிப் போகக் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தார். ஹால் மேசையில் வைத்து மூடினார். சார்ஜர், பை, அதிலிருந்த கீறல் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்தார். தூங்கி எழுந்த லேப்டாப்பில் ஒய்ஃபை பளிச்சென்று வந்து நின்றது. ஒரு நாளும் வராதது அன்று வந்தது. ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "எல்லாம் ஓகேங்க" என்று பைக்குள் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை அவிழ்த்து, கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். அக்கா பின்னாலேயே போய் மறுபடி கட்டிவிட்டு வந்தார்.

அண்ணன் லேப்டாப் போன மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே வந்ததும் கேட்டார்.

"இன்னாத்துக்கு எடுத்துகினு போறான்?"

"அது மக்கர் பண்ணிகினே இருந்துச்சில்ல. ஒய்ஃபை அடிக்கடி போனா அவுங்களுக்குக் கட்டுப்படி ஆவலயாம். ஆபீஸுக்கு வர முடியாதவங்கள நிறுத்திட்டாங்க."

எதற்குமே காரணம் சொல்லாத அக்கா அன்று காரணம் சொன்னார். அண்ணன் அதை நம்பவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். அவரால் திருப்ப முடிந்தது அதுதான்.

"தம்பி, நீ பொய் சொல்ல மாட்ட. உனக்குத்தான் எல்லாத்துக்கும் காரணம் தெரியணுமே. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன அவசரத்துல வாட்ச எடுத்தாளா இல்லியான்னு படுத்துகினே யோசிச்சுகினு கீறேன். என் வாட்சாலதான் அவோ வேல போச்சா?"

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கட்டில் விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். என் வேலையே தப்பு எங்கே என்று சரியாகச் சொல்வதுதான். சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"வாட்ச் எல்லாம் இல்லண்ணா" என்றேன். "ஒய்ஃபை கார்டுதான். கடல் காத்து. உப்பு ஏறி உள்ள போயிடுச்சு. நானே பார்த்தேன்."

அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். "அதான. அது நல்ல வாட்சு. ஒரு நாள் நின்னதில்ல."

அக்கா மேசையிலிருந்து வாட்சை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் கையில் கட்டிவிட்டார். இளைத்த கைக்குப் பட்டை பெரிதாக இருந்தது. கடைசி ஓட்டையிலும் நிற்கவில்லை. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து அதைக் கோர்த்து இறுக்கினார். அந்தக் கையைத் தூக்கி, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தலையணை மேல் வைத்தார். பிறகு தன் செல்போனை எடுத்து அலாரத்தை எல்லாம் நிறுத்தினார்.

"இனிமே நீயே சொல்லு" என்றார்.

அண்ணன் வாட்சைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். நான் மாடிக்குப் போகலாம் என்று படிக்கட்டுவரை வந்துவிட்டேன்.

"அடியே, நேரமாச்சு, வா" என்று உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "திருப்பிப் போடு."